பூங்காவுக்குரிய பத்து சென்ட்



சென்ற அக்டோபர் 2 அன்று எங்கள் ஊராட்சியின் கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். இருபது ஆண்டுகளாக இவ்வூரில் மார்க்கக் கல்வி கற்பித்து வரும் எனக்கு அதுவே முதல் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது என்பதைக்கூட அதன் பின்னரே சரியாக அறிந்துகொண்டேன். பந்தல், ஒலிபெருக்கி, தேநீர் என்று நடந்து முடியும் அரசுச் சடங்கு என எண்ணி இத்தனை காலமும் கடந்து போயிருந்தேன்.

அன்று சென்றதற்கும் ஊர் நலன் காரணமன்று. நன்றி சொல்லச் சென்றேன்.

ஊருக்குத் தெற்கே வயலாக இருந்த ஐந்து ஏக்கர் நிலம் மனைப்பிரிவாகிறது. அதைப் பிரித்து விற்பவர் எங்கள் ஜமாஅத் நிர்வாகிகளை அழைத்து, மக்தப் மதரஸா கட்டிக்கொள்ளப் பத்து சென்ட் தருவதாக வாக்களித்திருந்தார். நம் பிள்ளைகள் தகரக் கொட்டகையில் அமர்ந்து ஓதுகிறார்கள். செய்தியைக் கேட்டதும் நான் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமல்ல. நிர்வாகம் எழுதிய நன்றிக் கடிதத்தில் நானும் கையொப்பமிட்டேன். அவருக்காக துஆவும் செய்தேன். மனைப்பிரிவின் சாலைகளை ஊராட்சி ஏற்பது பற்றிக் கிராம சபையில் பேச்சு வரும், ஹஜ்ரத் வந்து ஆதரவாக இரண்டு வார்த்தை சொன்னால் நல்லது என்றார்கள். சென்றேன்.

மேசைமீது மனை வரைபடம் விரிக்கப்பட்டிருந்தது. எங்கள் பத்து சென்ட்டைத் தேடினேன். தென்கிழக்கு மூலை என்று சொல்லியிருந்தார்கள். அந்த மூலையில் பச்சை வண்ணம் தீட்டி, ‘பூங்கா’ என்று எழுதியிருந்தது.

ஊராட்சிச் செயலர் பொறுமையான மனிதர். கேட்டதும் விளக்கினார். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிப்பவர், சாலைகள் போக எஞ்சியதில் 10 விழுக்காட்டைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், இடம் விட இயலாதபோது வழிகாட்டி மதிப்பின்படி பணம் செலுத்த வழியுண்டு. இங்கே அதுவும் இல்லை. ஐந்து ஏக்கர் என்பது ஏறத்தாழ 20,200 சதுர மீட்டர். சாலைகளுக்கு 6,000 போனால், எஞ்சியதில் பத்தில் ஒன்று 1,400 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். அதாவது முப்பத்தைந்து சென்ட். அந்த முப்பத்தைந்தில் பத்தைத்தான் அவர் எங்களுக்கு வழங்கியிருந்தார். விற்பனைக்குரிய மனைகளில் ஒன்றுகூட அவருக்குக் குறையவில்லை.

2016-இல் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது நினைவிருக்கும். வளைகுடாவில் வியர்வை சிந்தியவர்கள் வாங்கிய மனையை விற்கவும் முடியாமல் வீடு கட்டவும் முடியாமல் தவித்தார்கள். மறு ஆண்டு வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. அப்போதும், தடை எப்போது நீங்கும் என்றுதான் நாம் கேட்டோம். விதி ஏன் இருக்கிறது என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜமாஅத் தலைவர் அருகில்தான் அமர்ந்திருந்தார். மெல்லச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“ஹஜ்ரத், பூங்கா என்று எழுதிய எந்த இடத்தில் இன்று பூங்கா இருக்கிறது? கருவேலம் முளைத்துக் கிடக்கும். நாளைக்கு வேறொருவர் வளைத்துக்கொள்வார். பிள்ளைகள் குர்ஆன் ஓதுவதற்குப் பயன்பட்டால் என்ன குற்றம்? பத்திரம் எழுதும்வரை நிலம் அவருடையதுதானே?”

அவர் கேட்டதில் உண்மை இருந்தது. பூங்காவென்று விட்ட இடங்கள் என்ன கதியானவை என்று எனக்கும் தெரியும். ஆனால் அவருடைய கடைசிக் கேள்வி நான் மாணவர்களுக்கு நடத்தும் பாடம். வக்ஃபு செய்பவர் அப்பொருளுக்கு உரிமையாளராக இருக்க வேண்டும். காகிதத்தில் நிலம் இன்னும் அவர் பெயரில் இருக்கலாம். ஆயினும் இம்மூலை ஊருக்குரியது என்று நிபந்தனை ஏற்றே அவர் அனுமதி பெற்றார். பூங்கா வரும் என்று நம்பியே மக்கள் முன்பணம் கொடுத்தார்கள். முஸ்லிம்கள் தாம் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற நபிமொழியை வைத்துத்தானே வணிகச் சட்டங்களைக் கற்பிக்கிறோம்?

மதீனாவில் மஸ்ஜிதுந் நபவீ அமைந்த இடம் இரண்டு அனாதைச் சிறுவர்களுக்குரியதாக இருந்தது. அவர்கள் அன்பளிப்பாகத் தர முன்வந்தபோதும் நபி (ஸல்) அவர்கள் விலை கொடுத்தே வாங்கினார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். பாதையின் அகலம் குறித்துப் பிணக்கு எழுந்தால் ஏழு முழம் விட வேண்டும் என்ற தீர்ப்பும் அதே நூலில் இருக்கிறது. அந்த ஹதீஸை எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். ஏழு முழம் என்பது பத்தரை அடி என்று கணக்குச் சொல்லி, அடுத்த ஹதீஸுக்குப் போய்விடுவேன்.

என் முறை வந்தது. இரண்டே வார்த்தைகள்தான் பேசினேன், ஆதரவாக அல்ல. பூங்காவுக்குரிய இடம் முழுவதையும் ஊராட்சி பெற்றுக்கொள்ள வேண்டும். அதில் எங்கள் மதரஸாவுக்குப் பங்கு வேண்டாம். பந்தலில் ஓர் அமைதி. பற்றாளர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொன்னார். பின்வரிசையில் இருந்த ஒரு முதியவர், “பாயே சொல்லிட்டாரு” என்றார். அது பாராட்டா, வியப்பா, வேறெதுவுமா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

ஒன்றில் நான் தவறினேன். பேசுமுன் தலைவரைத் தனியே அழைத்துச் சென்று, ஜமாஅத்தே இதை விட்டுக்கொடுத்ததாக அவர் வாயால் சொல்லச் செய்திருக்க வேண்டும். கால் மணி நேரம் இருந்தது. அவர் உடன்படாவிட்டால் என் துணிவு கரைந்துவிடும் என்று அஞ்சினேன். முப்பது ஆண்டுகள் இந்த மஹல்லாவுக்கு உழைத்தவரை ஊர் நடுவே சங்கடப்படுத்தினேன். மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் மன்னிப்புக் கேட்டேன். “நீங்கள் சொன்னது சரி ஹஜ்ரத், சொன்ன இடம்தான்” என்றார், வாக்கியத்தை முடிக்கவில்லை.

ஒரு மருத்துவமனைக்காகப் பூங்கா இடத்தை ஒதுக்கியதையே 1991-இல் உச்ச நீதிமன்றம் பெங்களூரு வழக்கொன்றில் செல்லாது என்று தீர்ப்பளித்திருந்ததைப் பின்னர் வழக்கறிஞர் ஒருவர் சொன்னார். அன்று எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் சட்டத்தின் பின்னே ஒளிந்துகொண்டு பேசியிருப்பேன்.

நான்கு மாதங்களுக்குப் பின் முப்பத்தைந்து சென்ட்டுக்கும் தானப் பத்திரம் பதிவாயிற்று. கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். இன்னும் பூங்கா இல்லை. தலைவர் சொன்னதுபோல் கருவேலம் தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. வரும் மே 1 கூட்டத்தில் அதைக் கேட்க வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன். அதே மனைப்பிரிவில் ஒரு மனையை விலைக்கு வாங்க ஜமாஅத்தில் வசூல் தொடங்கியுள்ளது. ரசீதுப் புத்தகத்தின் முதல் சீட்டு தலைவர் பெயரில் இருக்கிறது. அதுவரை தகரக் கொட்டகைதான். பெருமழை பெய்தால் பிள்ளைகள் ஓதுவது எனக்குக் கேட்பதில்லை. உதடுகளைப் பார்த்தே திருத்துகிறேன்.