வளைகுடாவுக்குப் போகும் பிள்ளைகளின் இன்சூரன்ஸ்

கம்பம், உத்தமபாளையம் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் ஏஜென்ட் பாத்துக்குவாரு சார்" என்கிறார்கள்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஈ.சி.ஆர். வகை. சவுதி, குவைத், அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக அரசின் எமிகிரேஷன் கிளியரன்ஸ் வேண்டும். அதற்கு 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' பாலிசி கட்டாயம். 2017 திருத்தத்தின்படி இரண்டு வருடத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375, வரி தனி. விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். மருத்துவமனைச் செலவுக்கு 1 லட்சம் வரை. (அந்த ஊர் ஆஸ்பத்திரி பில்லுக்கு இது போதாதுதான்.) முதலாளி மாறினாலும் பாலிசி செல்லும். மதுரை ஏர்போர்ட்டுக்குக் கார் வாடகை இதைவிடப் பல மடங்கு.

விசிட் விசாவில் போனால் இது எதுவும் கிடையாது. என்னிடம் படித்த பையன் அப்படித்தான் போனான். சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தது. இங்கே அவன் அம்மா தாலிக்கொடியை அடகு வைத்தார். ஏஜென்ட் போனையே எடுக்கவில்லை.

பெற்றோர்களே, பாலிசி நகல் ஒன்றை வீட்டில் வாங்கி வையுங்கள். நாமினி பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்றும் பாருங்கள்.