நாலு சக்கரமும் இழுக்கும்... நிறுத்துமா?

நம்ம ஊர்க்காரர்களுக்குப் பனி என்றால் இரண்டே வகை. ஒன்று, மார்கழியில் தலையில் இறங்கி மூக்கு வழியாக வெளியே வருவது. இன்னொன்று, ஃப்ரிஜ்ஜின் மேல்தட்டில் ஐஸ்கிரீம் டப்பாவைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்பது. மூன்றாவது வகையை 1992-ல் 'ரோஜா' படத்தில் பார்த்து வாய் பிளந்தோம். காஷ்மீர் என்று நாம் நம்பிய காட்சிகளில் பல, மணாலிப் பக்கம் எடுத்தவை.

அந்த மூன்றாவது வகைப் பனியில் எப்படி வண்டி ஓட்டுகிறார்கள் என்று பார்க்கத்தான் ஒரு ஜனவரியில் மணாலி போனேன். ஓட்டுவதற்கு இல்லை சாமி, பக்கத்து ஸீட்டில் உட்கார!

வண்டி, நாலு கதவு வைத்த பிக்கப். பின்னால் திறந்த தொட்டி. ஓட்டியவர் லாஹௌல் பள்ளத்தாக்குக்காரர், ஐம்பது வயசு இருக்கும். அந்தப் பக்கம் டிரைவரை 'உஸ்தாத்ஜி' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள். அவர் எனக்கு 'சார்ஜி' பட்டம் கொடுத்தார். என் இந்தியும் அவர் பொறுமையும் சேர்ந்து பேச்சு ஒருவழியாக நடந்தது.

தொட்டியில், பின் சக்கரங்களுக்கு நேர் மேலே நாலு மணல் மூட்டை.

"வீடு கட்டறீங்களா, உஸ்தாத்ஜி?"

சிரித்தார். பிக்கப்பில் எஞ்சின் கனம் முழுக்க முன்னால். தொட்டி காலி என்றால் பின்பக்கம் தக்கை மாதிரி. ஆனால் சாதாரணமாக இழுப்பது பின் சக்கரங்கள்தான். கனம் இல்லாத சக்கரம் பனியில் பிடிக்காது, சும்மா சுற்றும். அதற்குத்தான் மூட்டை. மாட்டிக்கொண்டால் அதே மணலைச் சக்கரத்தடியில் தூவியும் கிளம்பலாம். டூ இன் ஒன்!

கியர் பக்கத்தில் ஒரு திருகு. 2ஹெச், 4ஹெச், 4எல் என்று மூன்று எழுத்து. முதலாவதில் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். இரண்டாவதில் நாலும் இழுக்கும், ஓடும்போதே மாற்றலாம். மூன்றாவதிலும் நாலும்தான், ஆனால் ஆமை வேகம், யானை பலம். அதற்கு வண்டியை நிறுத்தி, நியூட்ரலுக்கு வந்துதான் மாற்ற வேண்டும்.

மணாலியிலிருந்து சோலாங் தாண்டி ஏறினால் அடல் சுரங்கப்பாதை. 2020 அக்டோபர் 3-ம் தேதி திறந்தார்கள். 9.02 கிலோமீட்டர். கடல் மட்டத்துக்கு மேல் பத்தாயிரம் அடியில், ரோதாங் கணவாய்க்கு அடியில் போகிறது. இது வருவதற்கு முன்னால் லாஹௌல்காரர்களுக்கு வருஷத்தில் ஆறு மாதம் வெளியுலகம் கிடையாது. கணவாய் மூடிவிடும். அவசரமாக ஆஸ்பத்திரி என்றால் ஹெலிகாப்டரை எதிர்பார்த்து வானத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

சுரங்க வாசல் வரை 4ஹெச்-சில் வந்த உஸ்தாத், உள்ளே நுழைந்ததும் திருகை 2ஹெச்-சுக்குத் தள்ளினார்.

"ஏன்?"

"உள்ளே ரோடு காய்ஞ்சிருக்கு, சார்ஜி."

விஷயம் இதுதான். வளைவில் திரும்பும்போது பின் சக்கரங்களைவிட முன் சக்கரங்கள் கொஞ்சம் அதிக தூரம் ஓட வேண்டும். இந்த மாதிரி பிக்கப்பில் 4ஹெச் போட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். பனி என்றால் சக்கரம் லேசாக வழுக்கிக் கணக்கை நேர் செய்துவிடும். காய்ந்த தாரில் அது நடக்காது. பல் சக்கரங்கள் முறுக்கிக்கொண்டு முனகும். டயர் தேயும். ஒன்பது கிலோமீட்டரும் 2ஹெச். அந்தப் பக்க வாசல் தெரிந்ததும் மறுபடி 4ஹெச்.

வெளியே வந்தால்... கண் கூசுகிறது. மலை, கூரை, மரம் எல்லாவற்றுக்கும் ஒரே சுண்ணாம்பு. வந்தவுடனே சந்திரா நதிப் பாலம். உஸ்தாத் வேகத்தைக் குறைத்தார்.

"பாலா இருக்கும்."

யாரோ தெரிந்த பையன் நிற்கிறான் போல என்று எட்டிப் பார்த்தேன். யாரையும் காணோம். பாலா என்றால் உறைபனியாம். பகலில் உருகிய தண்ணீர் ராத்திரி உறைந்து, ரோட்டின் மேல் கண்ணாடித் தாள் ஒட்டின மாதிரி கிடக்கும். பார்த்தால் ஈர ரோடு, தொட்டால் ஐஸ். பாலத்துக்கு அடியிலும் குளிர்காற்று போவதால் அங்கேதான் முதலில் உறையும். அடுத்தது, வெயில் எட்டாத வளைவுகள். வெள்ளைப் பனி பரவாயில்லை, சொல்லிவிட்டு வரும் விருந்தாளி. இது சொல்லாமல் வரும் கடன்காரன்!

சிஸ்ஸு கிராமத்தில் டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது ஒரு சக்கரம் புதுப்பனியில் புதைந்தது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மினுக்கியது. டிராக்‌ஷன் கண்ட்ரோல்! இது ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் மாதிரி. எந்தச் சக்கரம் வீணாகச் சுற்றுகிறதோ அதை பிரேக் போட்டுப் பிடிக்கும், எஞ்சினுக்கு 'இவ்வளவுதான் சாங்ஷன்' என்று குறைத்துக் கொடுக்கும். வழுக்கும் ரோட்டில் ஓடும்போது இது தெய்வம். ஆழமான பனியில் சிக்கும்போதோ, கேட்ட பலத்தைக் கொடுக்காமல் வண்டியை அங்கேயே உட்கார வைத்துவிடும். உஸ்தாத் பட்டனை அழுத்தி அதை அணைத்தார். முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று தொட்டில் ஆட்டி வெளியே எடுத்தார். ரோட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மறுபடி போட்டுவிட்டார்.

திரும்பும்போது மணி நாலு. சுரங்கம் தாண்டி சோலாங் இறக்கம். வெயில் மலைக்குப் பின்னால் போயாச்சு. உஸ்தாத் வண்டியை நிறுத்தி 4எல் போட்டார். முதல் கியர். பிரேக்கில் காலே வைக்கவில்லை. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டது. கிட்டத்தட்ட நடந்தோம்.

பளபளவென்று ஒரு ஜீப் எங்களை முந்தியது. உள்ளே நாலு இளைஞர்கள், பாட்டு. பின்னால் '4x4' என்று பெரிய எழுத்து. அடுத்த வளைவில் அதன் சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டி நிற்கவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பியும் திரும்பவில்லை. நேராக, சத்தமில்லாமல், ஸோப்புக் கட்டி மாதிரி போனது. ஒரு பக்கம் பள்ளம். இன்னொரு பக்கம் ஒதுக்கி வைத்த பனிச்சுவர். கடைசி நொடியில் சுவர்ப் பக்கம் சாய்ந்து 'புஸ்' என்று முட்டி நின்றது.

இறங்கிய நாலு பேர் முகமும் பனியைவிட வெளுப்பு. யாருக்கும் அடி இல்லை. ஒரு பையன் நடுங்கிக்கொண்டே, "ஃபோர் வீல் போட்டுத்தானே வந்தோம்?" என்றான்.

உஸ்தாத் தொட்டியிலிருந்து இழுவைப் பட்டையை எடுத்துக்கொண்டே சொன்னார்: "கிளம்பறதுக்குத்தான் பேட்டா அது. நிறுத்தறதுக்கு மாருதி எண்ணூறுக்கும் நாலு சக்கரம், உனக்கும் நாலு சக்கரம்!"

எந்தக் காரிலும் பிரேக் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. ஃபோர் வீல் டிரைவ் அதில் ஒன்றும் கூட்டாது. ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுவது ஒரு உள்ளங்கை அளவு. நிறுத்துவது அந்த நாலு உள்ளங்கைதான். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டால், காய்ந்த தாரில் எட்டு, ஒன்பது மீட்டரில் நிற்கலாம். வழுக்கும் ஐஸில் அறுபது மீட்டருக்கு மேல். அந்த மலையில் அறுபது மீட்டர் நேர் ரோடு எங்கே இருக்கிறது? பனிக்கான டயர் உதவும். சங்கிலி உதவும். எல்லாவற்றையும்விட மெதுவாகப் போவது உதவும், அதுவும் இலவசமாக!

ஜீப்பை இழுத்து ஓரம் கட்டுவதற்குள் பின்னால் நாற்பது வண்டி. 2024 டிசம்பரில் இதே சோலாங் - சுரங்கம் ரோட்டில் பனி கொட்டி, ஆயிரம் வண்டிவரை மாட்டியதாகப் பத்திரிகைகள் எழுதின. பனி விழுந்தால் ஃபோர் வீல் வண்டியையும் சங்கிலி கட்டிய வண்டியையும் மட்டும் போலீஸ் மேலே விடுகிறது. அதைச் சிலர் 'வேகமாகப் போகலாம்' என்பதற்கான லைசென்ஸாக எடுத்துக்கொள்கிறார்கள். நமக்கு அது ரீல்ஸ் எடுக்கும் இடம். லாஹௌல்காரருக்குப் பிரசவ வலி வந்தால் போகிற ஒரே வழி. ஒரு ஜீப் குறுக்கே படுத்தால் அவர்கள் 2020-க்கு முன்னால் போய்விடுகிறார்கள்.

டிசம்பரில் நண்பர்களோடு லீவு போட்டு மணாலி கிளம்புகிறவர்களே, வாடகைக்கு ஃபோர் வீல் எடுங்கள், தப்பில்லை. சாதாரண வண்டி போகாத இடத்துக்கு அது கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் திருப்பிக் கொண்டுவருவது திருகு இல்லை ஸார். உங்கள் வலது கால்!