கோயில் கேமரா பத்தி ஒரு விளக்கம்

"தம்பி, இந்தக் கேமராவை யாரு பாக்குறா?"ன்னு நேத்து ஒரு அம்மா கேட்டாங்க. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல என் வீட்டுல நாலு கேமரா வைஃபைல போட்டேன். ரெண்டு சுவர் தாண்டினா படம் நின்னுடும். அதனால கோயிலுக்கு எல்லாமே கேபிள். கரண்டும் படமும் ஒரே கேபிள்ல போகும், ஆனா 100 மீட்டருக்கு மேல இழுக்கக் கூடாது. வாசல் தூரம்ங்கிறதால நடுவுல அன்னதானக் கூடத்துல ஒரு சுவிட்ச் வெச்சோம்.

ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். போன மாசம் உண்டியல் பூட்டை யாரோ நெம்பின தடம் இருந்துச்சு. நாங்க கவனிச்சதே ஒரு வாரம் கழிச்சு. தேடிப் பார்த்தா பதிவே இல்ல! ஒரு கேமரா விநாடிக்கு 4 மெகாபிட் எழுதினா ஒரு நாளைக்கு 43 ஜிபி. எட்டு கேமராவுக்கு நான் போட்டது 1 டிபி டிஸ்க். மூணு நாள்கூட தாங்காது, பழசு மேலேயே புதுசு எழுதிடும். கணக்குப் பார்க்காதது என் தப்புதான். இப்போ 8 டிபி, மூணு வாரம் நிக்கும். டிஸ்க் உபயம் செஞ்ச குடும்பத்துக்கு நன்றி.

அந்த அம்மா இன்னொன்னும் சொன்னாங்க. "கால் கழுவுற இடத்துல பொம்பளைங்க புடவையைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறோம், அங்கயும் கேமராவா?" எனக்கு அது தோணவே இல்ல. மன்னிச்சிடுங்கம்மா. நேத்து ராத்திரியே திருப்பிட்டேன், இனி செருப்பு வைக்கிற இடம் மட்டும்தான் தெரியும். பாஸ்வேர்டு தலைவர், செயலாளர் கிட்ட மட்டும். என் போன்லேருந்தும் எடுத்தாச்சு.

மடப்பள்ளிப் பக்கம் ஒரு கேபிள் பாக்கி இருக்கு. வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் இழுக்கிறோம், நீளமான ஏணி இருக்கிறவங்க கொண்டு வாங்க.