புள்ளி மறைந்த நாளில் மருந்தை நிறுத்தாதீர்கள்



இந்த மாதம் மூன்று பிள்ளைகள் எங்களிடம் ஒரே கதையைச் சொன்னார்கள். மீனில் உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி வந்ததாம், மருந்து ஊற்றினார்களாம், புள்ளி போனதாம். அடுத்த கிழமை எல்லாம் செத்துப் போச்சாம். "மருந்து கள்ள மருந்து சேர்!"

மருந்தில் பிழையில்லை. அந்தப் புள்ளி ஓர் ஒட்டுண்ணி. 'இக்' என்பார்கள். மீனின் தோலுக்குள் இருப்பதால் மருந்து அதை எட்டாது. கொழுத்ததும் தானாகவே கழன்று, தொட்டியின் அடியில் உறைகட்டி, ஒன்று நூற்றுக்கணக்காகப் பெருகும். உறைக்குள்ளும் மருந்து போகாது. குட்டிகள் வெளியே வந்து மீனைத் தேடி நீந்தும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் அவை சாகும். நாம் சுகம் என்று நினைத்து மருந்தை நிறுத்துவது சரியாக அந்த நேரத்தில்!

பாடசாலைத் தொட்டிக்கு நாங்கள் செய்வது: கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு கிழமை மருந்து. போத்தலில் போட்ட அளவுதான், கூட்டுவதில்லை. வடிகட்டியில் கரி இருந்தால் எடுத்துவிடுவோம், அது மருந்தை உறிஞ்சிவிடும். காற்று மோட்டர் இரவும் ஓடும். அடித்தண்ணீரில் கால்வாசி மாற்றினால், மாற்றிய அளவுக்கு மட்டும் மருந்து சேர்ப்போம்.

நுளம்புக்காகக் கிணற்றில் கப்பி விடுகிறவர்கள் முதலில் இரண்டு கிழமை வாளியில் வைத்துப் பாருங்கள். இந்த ஒட்டுண்ணி மனிதருக்குத் தொற்றாது. ஆனால் இந்த மருந்துகள் பலவற்றில் மலக்கைற் கிறீன் இருக்கிறது. உண்ணும் மீனுக்கே பல நாடுகள் தடை செய்த சாமான். குடிக்கிற கிணற்றில் அதை ஊற்றவே கூடாது.