இருபத்தைந்து அடியும் ஒரு தெருவும்

இயன்முறை மருத்துவரின் கருவிகளில் மிக எளியது, தரையில் ஒட்டிய இரண்டு நாடாக்கள். இடைவெளி 25 அடி, அதாவது 7.62 மீட்டர். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர் அந்தத் தூரத்தை விழாமல், முடிந்த வேகத்தில் இருமுறை நடக்கிறார். சராசரி நேரத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். முந்தைய நேரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடினால் பொதுவாக அதைப் பொருட்படுத்தவேண்டிய சரிவு என்று கொள்கிறார்கள். கடிகாரம் வினாடியைத்தான் சொல்லும். பாதத்தின் முன்பகுதி தூக்கமுடியாமல் தரையில் உரசுவதையும், முழங்கால் பின்பக்கம் வளைவதையும், திரும்பும்போது கை சுவரைத் தேடுவதையும் பார்க்கப் பழகிய கண் வேண்டும். செருப்பின் நுனி மட்டும் தேய்ந்திருந்தால் அதுவும் ஒரு மருத்துவக் குறிப்பே. இந்தக் கைத்திறனை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் அது தரும் எண்ணை, அந்த மனிதர் வாழும் தெருவோடு சேர்த்துப் படிக்காதவரை அளவீடு பாதியில் நிற்கிறது என்பதே என் வாதம்.

சென்னைத் திருவல்லிக்கேணியில் இதை நடந்தே பார்க்கலாம். நரம்பியல் மருத்துவர் ஜான் கர்ட்ஸ்கி 1983இல் வெளியிட்ட அளவுகோல், இந்த நோயால் வரும் இயலாமையை 0 முதல் 10 வரை அரை அரைப் படிகளாகப் பிரிக்கிறது. அதன் நடுப்பகுதியை நடைதூரமே பெரிதும் தீர்மானிக்கிறது: துணையின்றி, ஓய்வின்றி ஏறக்குறைய 300 மீட்டர் நடப்பவர் 4.5, 200 மீட்டர் என்றால் 5, 100 மீட்டர் என்றால் 5.5. ஒரு பக்கம் கைத்தடி தேவைப்பட்டால் 6. மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மாற்றுத்திறனாளிகள் அலையருகே செல்ல 2022இல் திறந்த மரப்பாதையின் நீளம் 263 மீட்டர். காகிதத்தில் அரைப் படிதான் வித்தியாசம், ஆனால் 4.5இல் இருப்பவர் கடலை எட்டிவிடுவார், 5இல் இருப்பவர் வழியில் நின்றுவிடுவார். அதுவும் சமதளப் பாதையில். பாரதி சாலை நடைபாதையிலோ பழைய புத்தகக் கடைகளையும் நிறுத்திய வண்டிகளையும் சுற்றிக்கொண்டு இறங்கி, ஏறி, மறுபடி இறங்கவேண்டும். கால் உயர்த்துவதுதான் இந்த நோயாளிகள் பலருக்குக் கடினமான வேலை.

இதோடு வெயிலும் சேர்கிறது. இந்த நோயில் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை கெடுகிறது; அப்படிக் கெட்ட நரம்பில், உடல் வெப்பம் சிறிது கூடினாலே மின்தூண்டல் தடைப்படும். ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்ஹாஃப் 1890இல் விவரித்த நிகழ்வு இதன் வெளிப்பாடே. குளிரூட்டிய அறையில் காலை பத்து மணிக்கு நன்றாக நடந்தவர், மே மாத நண்பகலில் திருவல்லிக்கேணிக் கோயில் தெப்பக்குளத்தைச் சுற்றி வரும்போது வேறொருவர்போல் தள்ளாடலாம். குளிர்ந்ததும் தெளிந்துவிடும், அதனால்தான் வீட்டார்கூட நம்பாமல், சோம்பல் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல் மிகவும் புண்படுத்தக்கூடியது.

தெருவுக்குத் தெரு அளவு மாறினால் ஒப்பிடுவது எப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மருந்து பலன் தருகிறதா என்று அறிய, எங்கும் ஒரே 25 அடி வேண்டும். அதைக் கைவிடச் சொல்லவில்லை. நோயாளி தன் துன்பத்தைக் கூட்டிச் சொல்லக்கூடும் என்பது இன்னொரு ஐயம். அதற்கும் அளவு இருக்கிறது: ஆறு நிமிட நடையில் முதல் நிமிடத் தூரத்தையும் கடைசி நிமிடத் தூரத்தையும் ஒப்பிட்டால் களைப்பு எண்ணாகவே தெரியும். நெரிசலான அரசு மருத்துவமனையில் நேரமில்லை என்பதே கனமான மறுப்பு. ஆனால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 இயலாமைகளுள் இந்த நோயையும் சேர்த்திருக்கிறது. பல சலுகைகளுக்கு 40 சதவீதம் என்பது வாசல். ஒருவரின் வேலையும் உதவித்தொகையும் அந்தச் சதவீதத்தில் தொங்கும்போது, சில நிமிடங்களை மிச்சம்பிடிப்பது சரியாகாது. எல்லாச் சோதனையும் செய்ய இயலாத நாளிலும் ஒரு கேள்வி கேட்க முடியும்: “வீட்டிலேர்ந்து பஸ் ஸ்டாப் போறதுக்குள்ள எத்தனை இடத்துல உட்கார்றீங்க?”