எலும்புக்கும் வேலை வேண்டும்

வயதானவர்களுக்கு இன்று எல்லா வீட்டிலும் கிடைக்கும் உபசாரம் ஒன்றுதான்: "நீங்க சும்மா உட்காருங்க, நாங்க பார்த்துக்கறோம்." கையிலிருக்கும் வாளியை மகன் வாங்கிக்கொள்கிறான். மாடியில் துணி காயப்போடப் போனால் மருமகள் பதறுகிறாள். பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினால், பேரன் செல்பேசியைத் தட்டி அத்தனை காய்கறியையும் வாசலுக்கே வரவழைத்துவிடுகிறான். அன்பினால்தான் இதையெல்லாம் செய்கிறார்கள். ஆனாலும், பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வுபெற்ற, எழுபதைக் கடந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உட்காரவைத்து எலும்பைக் காப்பாற்ற முடியாது. வேலை கொடுத்தால்தான் அது நிலைக்கும்.

ஆய்வகத்தின் மூலையில் தொங்கும் எலும்புக்கூட்டைப் பார்த்தே நாம் எலும்பை அறிகிறோம். அதனால் அது காய்ந்த, உயிரில்லாத பொருள் என்ற எண்ணம் மனத்தில் தங்கிவிடுகிறது. உடலுக்குள் இருக்கும் எலும்பிலோ ரத்தம் ஓடுகிறது, நரம்பு ஓடுகிறது. கொலாஜன் என்ற புரத இழைகளில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாதுப் படிகங்கள் படிந்து உருவானது அது. கோழி எலும்பு ஒன்றைச் சில நாள் வினிகரில் ஊறப்போட்டால் தாது கரைந்து, எலும்பு வளையத் தொடங்கும். இன்னொன்றைத் தணலில் நன்றாகச் சுட்டெடுத்தால் புரதம் எரிந்துபோய், அழுத்தினாலே நொறுங்கும். பாரம் தாங்கத் தாதுவும் அடியைத் தாங்கப் புரதமும் சேர்ந்திருக்க வேண்டும்.

பிறக்கும்போது 300-ஐ ஒட்டி இருக்கும் எலும்புகள், வளர வளர ஒன்றோடொன்று கூடி 206 ஆகின்றன. மஜ்ஜையில் நாளொன்றுக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்கள் பிறக்கின்றன. உடலிலுள்ள கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. இதயம் துடிக்கவும் தசை சுருங்கவும் ரத்தத்தில் கால்சியம் வேண்டும். சாப்பாட்டில் அது குறைந்தால் உடல் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

எலும்பு ஒருமுறை வளர்ந்து அப்படியே நின்றுவிடுவதுமில்லை. பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்கள் ஒருபுறம், அந்தக் குழியைப் புது எலும்பால் நிரப்பும் செல்கள் மறுபுறம். அரிப்பது சில வாரங்களில் முடியும். நிரப்ப மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். வளர்ந்தவர் உடலில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு எலும்பு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்பதை அந்த இடத்தில் விழும் பாரமே தீர்மானிக்கிறது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் இதை நூலாகவே எழுதினார். டென்னிஸ் வீரர்களுக்கு மட்டையைப் பிடிக்கும் கையின் எலும்பு மற்றதைவிடத் தடித்திருக்கும். விண்வெளியில் தங்கும் வீரர்களுக்கோ, இளமையும் நல்ல சாப்பாடும் இருந்தும், இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை கரைகிறது. அங்கே உடலுக்கு எடையில்லை, எலும்புக்கு வேலையில்லை. அதனால்தான் நாள்தோறும் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பது எலும்புக்கும் பொருந்தும்.

நாற்காலியிலும் கட்டிலிலுமே நாளைக் கழிக்கும் முதியவருக்கும் அதே இழப்பு மெல்ல மெல்ல நடக்கிறது.

இதில் பெண்களின் கணக்கைத் தனியே சொல்ல வேண்டும். கருவிலிருக்கும் குழந்தை, பிறப்பதற்குள் ஏறத்தாழ 30 கிராம் கால்சியத்தைத் தாயிடமிருந்து பெறுகிறது. பாலூட்டும் மாதங்களில் தாயின் எலும்பு அடர்த்தியே சற்று இறங்கும். பால் மறக்கடித்தபின் பெரும்பாலும் மீண்டுவிடும். மாதவிடாய் நின்றபின் வருவது அப்படி மீள்வதில்லை. அதுவரை அரிக்கும் செல்களை அடக்கிவைத்திருந்த ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடுவதால், அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் 20 விழுக்காடு வரைகூட எலும்பு கரையலாம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் அம்மாக்கள், அப்போதும் பாலைப் பேரனுக்கு எடுத்துவைத்துவிட்டுக் கடுங்காப்பி குடிக்கிறார்கள். அந்த வீட்டில் முதல் டம்ளர் பால் அவர்களுக்குப் போக வேண்டும்.

இப்படி எலும்பு கரைந்து வரும் எலும்புப்புரை நோய்க்குப் பெரும்பாலும் வலி கிடையாது. உயரம் ஓரிரு அங்குலம் குறையும், முதுகு கூனும். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். பல நேரங்களில் அது முதுகெலும்புக் கட்டைகள் சத்தமில்லாமல் நசுங்கியதன் விளைவு. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் என்ற மதிப்பு மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை என்று கொள்கிறார்கள். படியேறும்போது முழங்காலில் வரும் வலி பெரும்பாலும் வேறு நோய். அது குருத்தெலும்பு தேய்வதால் வருவது. ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு உதவாது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரைகளை நெடுநாள் எடுப்பவர்கள் எலும்பைப் பற்றி மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரிலேயே வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருக்கிறது. நிழலிலேயே வாழப் பழகிவிட்டோம். அது குறைந்தால் குழந்தைகளுக்குக் கால் வளையும், பெரியவர்களுக்கு எலும்பு மென்மையாகி உடம்பெல்லாம் வலிக்கும். குறைவு மட்டுமல்ல, எலும்பில் சேர்வது அளவு மீறுவதும் கேடுதான். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்தால் பல்லில் கறை ஏறும், மூட்டும் முதுகும் இறுகும். இந்தியாவில் ஃபுளோரைடால் வரும் இந்த நோயை மருத்துவ இதழில் முதலில் பதிவு செய்தது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுபோன ஒகேனக்கல் திட்டத்துக்கு இந்தத் தொல்லையே முக்கியக் காரணம்.

முதுமையில் நான் அதிகம் அஞ்சுவது விழுவதைத்தான். குளியலறை ஈரத்தில் வழுக்கினாலே இடுப்பு முறியலாம். இடுப்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுவதாகப் பல நாடுகளின் கணக்குகள் சொல்கின்றன. முறிவைவிடப் படுக்கைதான் அவர்களை வீழ்த்துகிறது: படுக்கைப்புண், நுரையீரலில் சளி, காலில் ரத்தக்கட்டு. அதனால்தான் அறுவை செய்த மறுநாளே பிடித்து நிற்கவைக்கிறார்கள். அப்போது "பாவம், படுத்திருக்கட்டும்" என்று தடுக்காதீர்கள். முறிவென்று தெரிந்தால் எக்ஸ்ரே எடுக்காமல் இறுக்கமான கட்டு எதுவும் போட வேண்டாம். இறுக்கிக் கட்டிய மூங்கில் பத்தையால் ரத்த ஓட்டம் நின்று, கையையோ காலையோ இழந்தவர்கள் உண்டு.

இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. எலும்பு தன் உச்ச வலிமையை முப்பது வயதையொட்டி எட்டிவிடுகிறது. அதற்குள் ஓடியும் குதித்தும் பாரம் தூக்கியும் சேர்த்ததுதான் பிற்காலத்துக்கு. நாளொன்றுக்கு வேண்டிய 1,000 மில்லிகிராம் கால்சியத்தில், 100 கிராம் கேழ்வரகு சுமார் 350, ஒரு டம்ளர் பால் சுமார் 240 தரும். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியும் கீரையும் எள்ளும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

பெரியவர்களுக்கு இனி என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்து 1990இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்வேன். முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய, தளர்ந்த சிலருக்கு எட்டு வாரம் கால்களால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலு இரு மடங்குக்கு மேல் கூடியது. கால் தசை வலுத்தால் தடுமாற்றம் குறையும், எலும்புக்கும் வேலை கிடைக்கும்.

ஆகவே, பெற்றோரின் வேலையைப் பிடுங்குவதற்குப் பதிலாக, அவர்கள் வேலை செய்யும் இடத்தைப் பத்திரமாக்குங்கள். குளியலறையில் கைப்பிடி பதியுங்கள், வழுக்காத விரிப்புப் போடுங்கள், இரவில் ஒரு சிறு விளக்கை எரியவிடுங்கள், கண்புரை இருந்தால் அறுவைக்கு அழைத்துப்போங்கள். அதன்பின் அவர்களைத் தடுக்காதீர்கள். இதுவும் உங்களால் முடியும் என்று நம்பி ஒரு பொறுப்பை ஒப்படைப்பதே முதுமைக்குச் செய்யும் உண்மையான மரியாதை. அந்த மரியாதை கிடைத்த வீட்டில் பெரியவர்கள் நெடுநாள் தம் காலிலேயே நிற்பார்கள்.