மெரினா குதிரையும் எங்கள் குதிரையும்

"மெரினாவுல ஒரு ரவுண்டு ஏத்திவிட்டா ஆகாதா சார்?"

மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லித்தரும் என்னிடம் பெற்றோர் அடிக்கடி கேட்பது இது. கிண்டலுக்குக் கேட்பவர்கள் குறைவு. கையிருப்பை எண்ணிப் பார்த்துக் கேட்பவர்கள்தான் அதிகம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கே பதில் தெரியாது. குதிகாலை இறக்கு, முதுகை நிமிர்த்து, கடிவாளத்தைச் சுண்டாதே. என் வித்தை அவ்வளவுதான். எங்கள் பிசியோதெரபிஸ்ட் அம்மா ஒருநாள் என்னையே சேணமில்லாத முதுகில் ஏற்றி, கண்ணை மூடச் சொல்லி, குதிரையை நடத்தினார். அன்றைக்குத்தான் விஷயம் பிடிபட்டது.

குதிரை நடக்கையில் அதன் முதுகு நம் இடுப்பை முன்னும் பின்னும், மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைக்கிறது. லேசாகத் திருப்பவும் செய்கிறது. நாம் நடக்கும்போது இடுப்பு அசைவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். நடந்தே அறியாத குழந்தைக்கு அந்த அசைவு குதிரை முதுகில் கிடைக்கிறது. சரியாமலிருக்க உடம்பு அடிக்கு அடி தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்கிறது. மூளை முடக்குவாதத்தில் கத்தரிக்கோலாகப் பின்னிக்கொள்ளும் கால்கள், அகட்டி உட்காருவதாலும் குதிரையின் 38 டிகிரிச் சூட்டாலும் மெல்ல இளகுகின்றன. அதனால்தான் பல குழந்தைகளுக்குச் சேணம் போடுவதில்லை. மெத்தை விரிப்பும் கைப்பிடி வைத்த வாரும் போதும்.

"அப்போ நடந்துடுவானா?" அடுத்த கேள்வி அதுதான். அப்படி ஒரு வாக்கை நான் கொடுப்பதில்லை. டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் கதையைச் சொல்லி ஆசை காட்டுவதும் இல்லை. 1944இல் போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டிரஸாஜ் என்ற குதிரையேற்றப் போட்டியில் வெள்ளி வென்றார். ஏறவும் இறங்கவும் அவருக்கு ஆள் துணை வேண்டியிருந்தது. உலகெங்கும் இந்தப் பயிற்சி பரவ அவர் பெரிய காரணம். ஆனால் போலியோ வருமுன்பே அவர் தன் நாட்டின் சாம்பியன் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

மெரினா குதிரைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அது அவர் பிழைப்பு. எங்களிடம் ஒரு குழந்தைக்கு மூன்று பேர் வேண்டும். கயிறு பிடிக்க ஒருவர், தொடையைத் தாங்கி இருபுறமும் இருவர். சக்கர நாற்காலியோடு ஏறச் சாய்வு மேடை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, குதிரை. ரேஸில் ஓய்வுபெற்றவை மலிவாகக் கிடைக்கும், ஆனால் எல்லாம் இதற்கு ஆகாது. பக்கத்தில் குடை விரிந்தாலும், முதுகிலிருக்கும் பிள்ளை திடீரென்று வீறிட்டாலும் அசையாமல் நிற்க வேண்டும். குதிரைக்கும் அலுப்பு உண்டு. "இன்னைக்கு அதுக்கு மனசு சரியில்ல சார்" என்று எங்கள் குதிரைக்காரர் சொல்லிவிட்டால் நான் வாதாடுவதில்லை. அன்று வகுப்பு கிடையாது.

இந்த வேலையில் எனக்குப் பிடிக்காத பகுதி ஒன்று உண்டு: வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்புவது. டவுன் சிண்ட்ரோம் உள்ள சில குழந்தைகளுக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கிடையே தளர்வு இருக்கும். குதிரையின் குலுக்கலில் தண்டுவடம் நசுங்கலாம். அடங்காத வலிப்பு, நழுவிய இடுப்பு மூட்டு உள்ளவர்களையும் ஏற்றக்கூடாது. எங்கெங்கோ அலைந்துவிட்டு எங்களிடம் வந்திருப்பார்கள். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? பிசியோதெரபிஸ்ட்டை முன்னே தள்ளிவிட்டு லாயத்துப் பக்கம் நழுவிவிடலாமா என்று இன்றும் தோன்றும். ஏற முடியாத பிள்ளைகளுக்குக் குதிரையைத் தேய்த்துவிடவும், கொள்ளு ஊட்டவும் கற்றுத்தருகிறோம். அது ஈடாகாது என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

ஆகவே, பிள்ளையைக் குதிரையேற்றப் பயிற்சிக்கு அழைத்துப்போக நினைக்கும் பெற்றோருக்கு: கட்டணம் எவ்வளவு என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். மருத்துவர் கடிதம் கேட்காமலே பிள்ளையை ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கும் இடம் எதுவானாலும், இலவசமே என்றாலும், அழைத்துக்கொண்டு வீடு திரும்பிவிடுங்கள்.